திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிஸ்: உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லாததாலா?

மாந்தோப்பு_தம்பி
பெயர் சொல்ல முடியாது, புரிந்துகொள்ளுங்கள். ஓசூரில் கம்பெனி வேலை, வீடு காவேரிப்பட்டணம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. அந்தரங்க இடத்தில் கொப்புளம் வந்து வந்து போகிறது. முதல் தடவை வந்தபோது காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டி, சிறுநீர் கழிக்கவே உயிர் போனது. அப்புறம் வருவதெல்லாம் சின்னது. முந்தின நாள் ஊறல், சுருக் சுருக்கென்று குத்தல், மறுநாள் கொத்தாகக் கொப்புளம், உடைந்து புண்ணாகி ஒரு வாரத்தில் ஆறிவிடும். கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும்.

தோல் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்றார். ரத்தத்தில் எச்எஸ்வி-2 (ஹெர்பிஸ் வைரஸில் ஒரு வகை) ஐஜிஜி பாசிடிவ். அசைக்ளோவிர் எழுதிக் கொடுத்தார், அதில் குறை இல்லை. ஆனால் கிளம்பும்போது "உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதான் திரும்பத் திரும்ப வருது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சீந்தில் பொடி, ஜிங்க் மாத்திரை, ஆன்லைனில் வரும் இம்யூனிட்டி டப்பா என்று வாங்கித் தின்றுகொண்டே இருக்கிறேன். வருவது நிற்கவில்லை, பணம்தான் போகிறது.

ஐஜிஜி பாசிடிவ் என்றால் உடம்பில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இருந்தும் ஏன் வருகிறது? வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூளகிரி_சுப்பு
தம்பி, இதெல்லாம் உடம்புச் சூடு. மெஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்ப்பாய். வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, கம்பங்கூழில் மோர் விட்டுக் குடி, கோழிக்கறியைக் குறை. எங்கள் பக்கம் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வோம்.

லேப்_அக்கா
சுப்பு அண்ணா, கம்பங்கூழ் நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் இது சூட்டுக் கொப்புளம் இல்லை, வைரஸ். தொட்டுப் பரவுகிற வைரஸ்.

மாந்தோப்பு தம்பி, நான் பல வருடம் மைக்ரோபயாலஜி லேபில் இருந்தவள். உன் டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் தூக்கி எறி. மருந்துச் சீட்டை வைத்துக்கொள். நீ எழுதியிருப்பதைப் படித்தாலே தெரிகிறது, உன் உடம்பு வேலை செய்கிறது என்று. முதல் தடவை காய்ச்சலும் நெறியுமாக வந்தது, பிறகு சின்னதாக வந்து ஒரு வாரத்தில் ஆறுகிறது. ஏன்? முதல் தடவை உன் உடம்புக்கு இந்த வைரஸைத் தெரியாது, இப்போது தெரியும். எதிர்ப்பு சக்தி நிஜமாகவே படுத்துவிட்டவர்களுக்குப் புண் இப்படி ஆறாது. பெரிதாகப் பரவும், வாரக்கணக்கில் நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத ஹெர்பிஸ் புண்ணை எய்ட்ஸ் நிலையின் அடையாளங்களில் ஒன்றாகவே மருத்துவத்தில் வைத்திருக்கிறார்கள். உனக்கு இருப்பது அது இல்லை.

இந்த வைரஸ் முதலில் தோலில் பெருகும். அங்கிருந்து நரம்பு நுனி வழியாக மேலே ஏறி, முதுகுத்தண்டின் அடிப்பக்கம் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது ஏறக்குறைய எந்தப் புரதத்தையும் தயாரிக்காது. நம் டி செல்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) ஒரு செல்லுக்குள் வைரஸ் இருப்பதைக் கண்டுபிடிப்பதே அதன் புரதத் துண்டுகள் செல்லின் மேல்பரப்பில் தெரிவதை வைத்துத்தான். புரதமே இல்லை என்றால் எதைப் பார்த்துப் பிடிக்கும்? அதனால் எத்தனை பலசாலியாக இருந்தாலும், பயில்வானாகவே இருந்தாலும், அந்த முடிச்சிலிருந்து வைரஸைத் துடைத்து எடுக்க மனித உடம்பால் முடிவதில்லை. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்தரங்க இடத்து ஹெர்பிஸ் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024-ல் கணக்குச் சொன்னது, ஏறக்குறைய 84 கோடிப் பேர். அத்தனை பேருக்கும் எதிர்ப்பு சக்தி கம்மியா?

மாந்தோப்பு_தம்பி
அக்கா, படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் நரம்பில் ஒளிந்திருக்கட்டும், வெளியே தோலுக்கு வரும்போதாவது எதிர்ப்பொருள் பிடிக்க வேண்டாமா? அதற்குத்தானே ஐஜிஜி?

லேப்_அக்கா
நியாயமான கேள்வி. எதிர்ப்பொருள் ரத்தத்தில் சும்மா மிதக்கும் வைரஸை நன்றாகப் பிடிக்கும். இந்த வைரஸ் அப்படி மிதக்காது. நரம்பிலிருந்து நேராகத் தோல் செல்லுக்குள், அங்கிருந்து பக்கத்து செல்லுக்குள் என்று ஒட்டி ஒட்டியே போய்விடும். போதாததற்கு அதன் மேலுறையில் இருக்கும் ஜிஇ, ஜிஐ என்கிற இரண்டு புரதங்கள் நம் எதிர்ப்பொருளின் வால் பக்கத்தைப் பிடித்து முடக்கிவிடும். ஜிசி என்று இன்னொன்று, கிருமியை அழிக்க எதிர்ப்பொருளுக்குத் துணை நிற்கும் காம்ப்ளிமென்ட் புரதத்தைக் கட்டிப்போடும். பிறவியிலேயே எதிர்ப்பொருள் தயாரிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு பாக்டீரியா தொற்றுதான் பெரிய தொல்லை, ஹெர்பிஸ் அவ்வளவாகப் படுத்துவதில்லை. டி செல் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் ஹெர்பிஸ் உயிர்வரை போகிறது. இதிலிருந்தே தெரிகிறது இந்தச் சண்டையின் முக்கியமான ஆள் யார் என்று.

புண்ணில் முதலில் வருவது இயற்கைக் கொல்லி செல்களும், மற்ற செல்களை ஏவிவிடும் சிடி4 டி செல்களும். தொற்றிய செல்லை நேரடியாகக் கொல்லும் சிடி8 டி செல் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. அந்தத் தாமதத்துக்கும் வைரஸ் ஒரு காரணம். ஐசிபி47 என்று அதனிடம் ஒரு புரதம் இருக்கிறது, வைரஸ் துண்டுகளை செல்லின் மேல்பரப்புக்கு ஏற்றிவிடும் வழியையே அது அடைத்துவிடும். சிடி4 செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்கிற எச்சரிக்கைப் புரதத்தை விட்ட பிறகு அந்த அடைப்பு தளர்கிறது, அதற்கப்புறம்தான் சிடி8-க்குக் கண் தெரிகிறது. சிடி8 வந்து சேரும் நேரமும் புண்ணிலிருந்து வைரஸ் மறையும் நேரமும் ஒத்துப்போகிறது என்பதை 1990-களிலேயே புண்ணிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி அமெரிக்காவில் சியாட்டில் குழு செய்தது. லாரி கோரி, ஜியா ஜு போன்றவர்கள். புண் ஆறிய பிறகும் அதே இடத்தில் தோலைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மேல்தோலும் உள்தோலும் சேரும் எல்லையில், நரம்பு நுனி வந்து முடிகிற இடத்தை ஒட்டியே, சிடி8 செல்கள் மாதக்கணக்கில் போகாமல் உட்கார்ந்திருக்கின்றன. 2007-லும் 2013-லும் வெளியிட்டார்கள். நம் ஊர் மாந்தோப்புக் காவல் மாதிரி நினைத்துக்கொள், போன வருடம் வேலி பிரித்த இடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறான் காவல்காரன். கள்ளன் அதே சந்தில் வந்தால் அங்கேயே முடிந்தது. பத்தடி தள்ளி வந்தால் காவலன் ஓடிப்போவதற்குள் நாலு காய் போய்விடும். அந்த நாலு காய்தான் உன் கொப்புளம்.

இதே குழு, நோயாளிகளையே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பஞ்சில் தடவி எடுக்கச் சொல்லியும் பார்த்தது. வைரஸ் வெளியே வந்த தடவைகளில் ஏறக்குறைய பாதி 12 மணி நேரத்துக்குள்ளேயே அடங்கிப்போயிருந்தது. கொப்புளம் இல்லை, ஊறல் இல்லை, அந்த ஆளுக்கே தெரியாது. ஆக நீ எண்ணிக்கொண்டிருப்பது தோற்ற தடவைகளை மட்டும். ஜெயித்த தடவைகள் உன் கணக்கில் வருவதே இல்லை.

தொப்பூர்_கணவாய்
அக்கா எழுதுவதைப் படித்தால் பாடப் புத்தகம் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. நான் லாரி ஓட்டுகிறேன், டெல்லி லைன். எங்கள் ஆட்களிடம் இது சகஜம், வெளியே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தூக்கம் கெட்டால் எனக்கு வருகிறது என்பது என் அனுபவம். இன்னொன்று, ஹெர்பிஸ் இருந்தால் எச்ஐவி சீக்கிரம் ஒட்டும் என்று முகாமில் சொன்னார்கள். பயமுறுத்தவா, உண்மையா?

லேப்_அக்கா
உண்மை அண்ணா. எச்எஸ்வி-2 இருப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. புண் வாசலாகிவிடுகிறது என்று முகாமில் சொல்லியிருப்பார்கள், அது பாதிக் கதை. மீதி, நான் மேலே எழுதிய அதே எதிர்ப்பு செல்கள். புண் ஆறிய பிறகும் அந்த இடத்தில் சிடி4 செல்கள் கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. எச்ஐவி தேடி வருவதே சிடி4 செல்லைத்தான். அசைக்ளோவிர் தினமும் சாப்பிட்டாலும் அந்தக் கூட்டம் கலையவில்லை என்று 2009-ல் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அசைக்ளோவிர் கொடுத்து எச்ஐவி தொற்றைத் தடுக்க முடியுமா என்று பார்த்த பெரிய சோதனை தோற்றிருந்தது, ஏன் தோற்றது என்பது இதிலிருந்து விளங்கியது. ஆக எதிர்ப்பு சக்தி கூடினால் எல்லாம் நல்லது என்பதும் சரியில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு ஆணுறை விஷயத்தில் சலுகையே கிடையாது. வருடம் ஒருமுறையாவது நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம், ரகசியம். 1097-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

தூக்கம், மன உளைச்சல் பற்றி ஆய்வுகள் ஒன்றுபோல் பேசுவதில்லை. ஒருநாள் டென்ஷனைவிட மாதக்கணக்கில் இழுக்கும் கவலைக்குத்தான் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. காய்ச்சல், மாதவிடாய், அந்த இடத்தில் உராய்வு இவற்றைப் பலரும் சொல்கிறார்கள்.

சூளகிரி_சுப்பு
அம்மா, கோபித்துக்கொள்ளாதே. அக்கியும் ஹெர்பிஸ் சாதிதான் என்று என் பேரன் சொல்கிறான். எங்கள் ஊரில் அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவி கரைத்து எழுதிவிடுவார்கள், போய்விடும், திரும்பி வருவதே இல்லை. அது போகிறது, இது மட்டும் ஏன் போகவில்லை?

லேப்_அக்கா
ஐயோ அண்ணா, எதற்குக் கோபம்? இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

அக்கி வேறு வைரஸ், சின்னம்மை வைரஸ். ஒரே குடும்பம். அதுவும் நரம்பு முடிச்சில்தான் பல வருடம் கிடக்கும். வயதாகும்போது அந்த வைரஸுக்கான டி செல் பலம் இறங்கும், இறங்கியதும் அக்கியாக வெளியே வரும். வந்ததும் உடம்பு உஷாராகி டி செல்களைப் பெருக்கிவிடும், அதனால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையோடு நின்றுவிடுகிறது. காவி எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நாலு வாரத்தில் அது ஆறும். எழுதுகிறவர்கள் சொல்லும் ஆறுதல் வார்த்தைக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை, ஆனால் கண் பக்கத்தில் அக்கி வந்தால் எழுதிக்கொண்டு உட்காராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதாவது, எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்தது என்ற பேச்சு அக்கிக்குப் பொருந்தும். எச்எஸ்வி-2-க்கு அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. இது இருபது வயது ஆரோக்கியசாலிக்கும் வருடத்துக்குப் பலமுறை வரும். எச்எஸ்வி-2 முதல்முறை புண்ணாக வந்தவர்களுக்கு முதல் வருடத்தில் நடுவாகப் பார்த்தால் நாலு முறை திரும்ப வருகிறது. வருடம் போகப் போகப் பெரும்பாலோருக்குக் குறையும். உதட்டில் வரும் எச்எஸ்வி-1 கீழே தொற்றியிருந்தால் முதல் வருடத்தில் நடுவாகப் பார்த்தால் ஒருமுறைதான். ஒரே உடம்பு, ஒரே எதிர்ப்பு சக்தி, வைரஸ் மாறினால் கணக்கே மாறுகிறது.

ஊத்தங்கரைக்காரி
நான் பல நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எனக்கும் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு வந்தது, அதற்கு மேல் கேட்காதீர்கள். இப்போது ஏழாவது மாதம். குழந்தைக்கு வந்துவிடும், கண் போய்விடும் என்று ஒரு சொந்தக்காரி சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை.

லேப்_அக்கா
கண்ணு, முதலில் சாப்பிடு. எதிர்ப்பொருளால் பெரிய பிரயோஜனம் இல்லை என்று மேலே எழுதினேன், உன் விஷயத்தில் அதே எதிர்ப்பொருள்தான் பெரிய துணை. பழைய தொற்று உள்ள தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். அதனால் பழைய தொற்று உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிரசவத்தை ஒட்டிப் புதிதாகத் தொற்று வாங்கும் தாய்க்குத்தான் ஆபத்து நூற்றுக்கு 30 முதல் 50 வரை போகிறது, ஏனென்றால் கொடுப்பதற்கு அவளிடம் இன்னும் எதிர்ப்பொருள் உருவாகவில்லை.

உன் பிரசவ டாக்டரிடம் கட்டாயம் சொல். 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் கொடுப்பது வழக்கம். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ அந்த முன்னறிகுறிக் குத்தலோ இருந்தால் சிசேரியன் செய்வார்கள், இல்லையென்றால் சாதாரண பிரசவமே. மறைத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

ஊத்தங்கரைக்காரி
நன்றி அக்கா. திங்கட்கிழமை செக்கப், சொல்லிவிடுகிறேன். மாமியார் கூட வருவார்கள், அவர்களை எப்படி வெளியே உட்கார வைப்பது என்பதுதான் இப்போது என் பிரச்சினை.

தொப்பூர்_கணவாய்
தங்கச்சி, பரிசோதனை செய்ய வேண்டும், வெளியே இருங்கள் என்று நர்ஸையே சொல்ல வை. நர்ஸ் பேச்சுக்கு மாமியார்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

பெங்களூர்_பஸ்
எல்லாம் சரி, 2025 வந்துவிட்டது, கொரோனாவுக்கு ஒரு வருடத்தில் தடுப்பூசி போட்டார்கள், இதற்கு ஏன் இல்லை? மருந்துக் கம்பெனிகள் மாத்திரை விற்கவே வேண்டுமென்று செய்யவில்லை என்பது என் கருத்து.

லேப்_அக்கா
செய்யாமல் இல்லை, செய்து தோற்றார்கள். ஜிடி என்கிற மேலுறைப் புரதத்தை வைத்து கிளாக்சோ கம்பெனி தயாரித்த ஊசியை 8,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள், 2012-ல் முடிவு வந்தது. எச்எஸ்வி-2-ஐத் தடுக்கவில்லை, எச்எஸ்வி-1-ஐ மட்டும் ஓரளவு தடுத்தது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கான அவர்களது அடுத்த முயற்சியும் 2024-ல் பலன் போதவில்லை என்று நின்றது. மாடர்னா, பயோஎன்டெக் இருவரும் கொரோனா ஊசி மாதிரி எம்ஆர்என்ஏ வழியில் முயன்றிருக்கிறார்கள். இயற்கையாக வந்த தொற்றே மறுபடி வராமல் காக்கும் எதிர்ப்பை முழுதாகத் தருவதில்லை, கொரோனாவில் குணமானவர்கள் இருந்தார்கள், இதில் வைரஸை முழுதாக விரட்டிய ஒரு மனிதரைக் காட்டி "இவர் உடம்பு செய்ததைச் செய்" என்று சொல்ல ஆளே இல்லை. மாத்திரை விற்கும் லாபம் என்கிறீர்கள், அசைக்ளோவிர் காப்புரிமை முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அரசு மையத்தில் சிவப்பு நிறப் பொட்டலமாக இலவசமாகவே தருகிறார்கள்.

பெங்களூர்_பஸ்
சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன், பாதி மட்டும். தம்பி, கல்யாண விஷயத்துக்கு என் யோசனை: வாயைத் திறக்காதே. நம் பக்கம் இது வெளியே தெரிந்தால் உன் தங்கைக்கும் மாப்பிள்ளை கிடைக்காது.

ஊத்தங்கரைக்காரி
இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. எனக்கும் யாரோ இப்படித்தான் முடிவு செய்தார்கள். பெண்ணுக்கு முதல் தொற்று கர்ப்பத்தின் கடைசியில் வந்தால் என்ன ஆகும் என்று அக்கா எழுதியதைப் படிக்கவில்லையா நீங்கள்? ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

மாந்தோப்பு_தம்பி
ஊத்தங்கரை அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. சொல்லாமல் கட்ட எனக்கு மனசு வராது. ஆனால் சொல்லும்போது கையில் ஏதாவது வேண்டும், பரவாமல் இருக்க இதைச் செய்யலாம் என்று. புண் இல்லாத நாளில் பரவாது என்றுதான் மெடிக்கலில் சொன்னார்கள்.

லேப்_அக்கா
அது தப்பு. புண்ணே இல்லாத நாளிலும் வைரஸ் வெளியேறும். அறிகுறி இல்லாதவர்களிடம் பத்து நாளில் ஒரு நாள், அறிகுறி வந்துபோகிறவர்களிடம் ஐந்து நாளில் ஒரு நாள் என்று 2011 ஆய்வு ஒன்று சொல்கிறது. ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாத ஜோடிகளில் தினமும் வாலாசைக்ளோவிர் (அசைக்ளோவிர் வகை மாத்திரை) 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் பரவுவது 48 சதவீதம் குறைந்தது, 2004-ல் வந்த முடிவு. அதோடு ஆணுறை, அதோடு குத்தல் தொடங்கிய நாளிலிருந்து முழுதாக ஆறும்வரை தொடாமல் இருப்பது. மூன்றும் சேர்ந்தால் ஆபத்து நன்றாகவே குறையும், பூஜ்யம் ஆகாது. அவளிடம் அப்படியே சொல். அவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுங்கள், ஏற்கெனவே இருந்தாலும் இருக்கலாம், பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது.

தினசரி மாத்திரை உன் கொப்புளத்தையும் 70 முதல் 80 சதவீதம் குறைக்கும். தினமும் வேண்டாம் என்றால் வரும்போது மட்டும் சாப்பிடலாம், ஆனால் குத்தல் தெரிந்த அன்றே தொடங்க வேண்டும், புண்ணான பிறகு பெரிய பலன் இல்லை. எது உனக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். இம்யூனிட்டி டப்பாவுக்குப் போகிற காசை இதற்குத் திருப்பு. சீந்தில் பொடி இந்த வைரஸை நிறுத்தியதாக நம்பும்படி மனிதரில் நடந்த சோதனை எதையும் நான் பார்க்கவில்லை.

மாந்தோப்பு_தம்பி
ஓசூரில் எல்லா மெடிக்கலிலும் தெரிந்த முகம். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் போனால் யாராவது பார்ப்பார்கள். எங்கே போவது அக்கா? ஐஜிஜி மட்டும்தான் எடுத்திருக்கிறேன், அது போதுமா?

லேப்_அக்கா
கிருஷ்ணகிரி கூச்சமாக இருந்தால் தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே சுகவாழ்வு மையம் எங்கே என்று கேள், பால்வினை நோய்க்கான பிரிவு அதுதான். எச்ஐவி, சிஃபிலிஸ் இரண்டையும் அன்றே பார்த்துவிடு.

ஐஜிஜி அளவு எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் பார். வெறும் பாசிடிவ் என்பதைத் தாண்டி ஒரு எண் போட்டிருப்பார்கள். 3-க்குக் கீழே இருந்தால் தப்பான பாசிடிவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஐஜிஎம் என்கிற இன்னொரு எதிர்ப்பொருள் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எடுக்காதே, இதற்கு அது உதவாது. உறுதியாக்க நல்ல வழி பிசிஆர், அதாவது புண்ணைப் பஞ்சில் தடவி எடுத்து வைரஸின் மரபணுவைத் தேடும் டெஸ்ட். அடுத்த தடவை கொப்புளம் வந்ததும், தண்ணீர் கோத்து முழுசாக இருக்கும்போதே போய்க் காட்டு. காய்ந்து பொருக்கு கட்டிய பிறகு போனால் பஞ்சில் வைரஸ் சிக்காது, உன் சிடி8 செல்கள் அதற்குள் வேலையை முடித்திருக்கும்.